அம்புக்குறி காட்டிய 62 மீட்டர்

இதை எழுதும்போது என் இடது கால் எதிரே ஒரு நாற்காலியில், தலையணை மேல் கிடக்கிறது. பாதத்தின் வெளிப்பக்க எலும்பில் மயிரிழை விரிசல். மூன்று வாரம் எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, முடிந்துவிட்டது. இன்னும் இரண்டு வாரம் இந்தக் கனமான பூட்ஸோடுதான் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஜியோகேஷிங் விளையாட்டில் இறங்கிய பத்தே வாரத்தில் வந்த வினை. விளையாட்டின் மேல் எனக்குக் கோபம் கிடையாது, இன்றைக்கும் பிடிக்கும். ஆனால் ஆரம்பத்திலேயே விவரம் தெரிந்த ஒருவர் என்னை உட்கார வைத்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மழை ராத்திரியை நான் பார்த்திருக்க மாட்டேன். எனக்குச் சொல்ல ஆள் இல்லை. புதிதாக இறங்குகிறவர்களுக்காக, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் எங்கோ ஒரு பெட்டியை ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் போனில் இருக்கும் ஜிபிஎஸ்ஸை வைத்துத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. மே 2ஆம் தேதி அதை நிறுத்தினார்கள். மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு வாளியில் சில சாமான்களைப் போட்டு ஒளித்து வைத்து, கண்டுபிடியுங்கள் பார்க்கலாம் என்று இணையத்தில் எழுதினார். அந்த வாளிக்குள் ஒரு பீன்ஸ் டப்பாவும் இருந்ததாம். அங்கே தொடங்கியது, இன்றைக்கு உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. நாங்கள் இருக்கும் சிங்கப்பூரிலும் பூங்கா, பாலம், பஸ் நிறுத்தம் என்று எங்கே பார்த்தாலும் பெட்டிகள் உண்டு.

செப்டம்பர் பள்ளி விடுமுறையில் என் பையன்தான் இதை வீட்டுக்குள் கொண்டு வந்தான். கூடப் படிக்கும் பிள்ளை சொல்லிக் கொடுத்திருக்கிறான். பொங்கோல் நீர்வழிப் பாதையோரம் இரண்டு பேரும் போய் இருபது நிமிஷம் தேடினோம். ஒரு பெஞ்சுக்குப் பின்னால், வேர் இடுக்கில், பச்சை நாடா சுற்றிய சின்ன டப்பா. மூடியைத் திறந்தால் ஈரம் ஊறிய ஒரு குறிப்பேடு, ஒரு சக்கரம் கழன்ற பொம்மை கார், மலேசிய இருபது சென் காசு ஒன்று, நீலக் கோலிக்குண்டு ஒன்று. கோலியை எடுத்துக்கொண்டு தன் பையிலிருந்த டைனோசர் அழிப்பானை வைத்தான். "அம்மா, ஒண்ணு எடுத்தா அதுக்குச் சமமா ஒண்ணு வைக்கணும், இல்ல அதைவிட நல்லதா வைக்கணும், அதுதான் ரூல்" என்றான். அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே! தினமும் நாலாயிரம் பேர் நடந்து போகிற பாதையில், எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசியம் கையில் இருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் எனக்கே ஒரு கணக்குத் தொடங்கிவிட்டேன்.

பையன் இரண்டு வாரத்தில் வேறு ஆட்டத்துக்குப் போய்விட்டான், நான்தான் மாட்டிக்கொண்டேன். ஏன் இப்படி இழுத்தது என்று படுக்கையில் கிடந்து நிறைய யோசித்தேன். கண்டுபிடித்த ஒவ்வொரு பெட்டியும் வரைபடத்தில் ஒரு மஞ்சள் சிரிப்பு முகமாக மாறும். நம் வட்டாரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பு முகத்தால் நிறையும்போது, இன்னும் நிறையாத மூலையில்தான் கண் போய் நிற்கும். அடுத்து ஒரு கட்ட அட்டவணை இருக்கிறது. தேடும் சிரமத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம், இடத்துக்குப் போய்ச் சேரும் சிரமத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம், இரண்டிலும் அரை அரையாக ஏறும். ஆக ஒன்பதுக்கு ஒன்பது, 81 கட்டம். அதையும் நிரப்பத் தோன்றும். எல்லாவற்றையும் விட மோசமானது தொடர் நாள் கணக்கு. விடாமல் எத்தனை நாள், நாளுக்கு ஒரு பெட்டியாவது கண்டுபிடித்திருக்கிறோம் என்று அது எண்ணிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் விட்டால் திரும்பப் பூஜ்யம்.

நான் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளர். வேலைக்குப் போகிறோம், வருகிறோம், சமைக்கிறோம், பையன் வீட்டுப்பாடம் பார்க்கிறோம் என்று பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. எனக்கென்று ஒன்று, நான் மட்டுமே செய்து முடித்த ஒன்று, தினமும் கையில் கிடைத்ததும் அதை விட மனசு வரவில்லை. மறைப்பதற்கு ஒன்றுமில்லை, உண்மை அதுதான். அக்டோபர் தொடக்கத்தில் ஆரம்பித்த தொடர் பத்து நாளைத் தாண்டியதுமே அது எனக்கு ஒரு விரதம் மாதிரி ஆகிவிட்டது. வீட்டைச் சுற்றியிருந்த லேசான பெட்டிகள் மூன்றாவது வாரத்தில் தீர்ந்தன. ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் குறைந்தது 161 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும் என்பது விதி, அதனால் ஒரே இடத்தில் குவியலாக இருக்காது. தூரம் போக வேண்டியதாயிற்று. வேலை முடிந்து பஸ்ஸில் போய்த் தேடி முடிக்க ராத்திரி எட்டரை ஆகும், சமைக்க வேண்டுமே என்று டாக்சி பிடிப்பேன். ஆறு வாரத்தில் டாக்சிக்கு மட்டும் 286 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போயிருக்கிறது. வங்கிக் கணக்கைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. வீட்டில் கேட்டால் ஓவர்டைம் என்று சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் கணவரிடம் நான் சொன்ன முதல் பொய் அது.

புதிதாக வருகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், முதல் ஆறு மாதம் தொடர் நாள் கணக்கின் பக்கமே போகாதீர்கள். ஏற்கெனவே தொடங்கியிருந்தால், உடம்பும் மனசும் நன்றாக இருக்கும் ஒரு நாளில் நீங்களாகவே அதை முறியுங்கள். மழையோ காய்ச்சலோ வந்து முறித்தால் வலிக்கும், நாமாக விட்டால் அவ்வளவு வலிக்காது. காசு விஷயத்திலும் அவசரம் வேண்டாம். இலவசக் கணக்கில் செயலி எல்லாப் பெட்டிகளையும் காட்டாது என்பது உண்மைதான், ஆனால் அது காட்டுகிறவற்றில் ஐம்பதைக் கண்டுபிடித்து முடிக்கும்வரை சந்தா கட்டத் தேவையே இல்லை. நான் இரண்டாவது வாரத்திலேயே ஒரு வருஷத்துக்குக் கட்டினேன், பெட்டிக்குப் பெட்டி மாற்றி வைக்க, ஊர் ஊராகப் பயணம் போகும் டிராவல் பக் வில்லைகளும் மூன்று வாங்கினேன். மூன்றும் இன்னும் மேசை டிராயரில் கிடக்கின்றன.

நாற்பத்திரண்டாவது நாளுக்கு வருகிறேன். நவம்பர் நடுவில் ஒரு புதன்கிழமை. நவம்பரில் இங்கே ஆறே முக்கால், ஆறு ஐம்பதுக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும். விழுந்த இருபது நிமிஷத்தில் கும்மிருட்டு. வடகிழக்குப் பருவமழைக் காலம் வேறு. வேலை முடிந்து நான் பழைய ரயில் பாதையில் இறங்கும்போது மணி ஆறு இருபது. தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை மலாயா ரயில் ஓடிக்கொண்டிருந்த 24 கிலோமீட்டர் தடம் அது. 2011இல் ரயிலை நிறுத்தியபின் நடைபாதையாக மாற்றியிருக்கிறார்கள். புக்கிட் தீமா பக்கத்தில் இரண்டு புறமும் மரம் அடர்ந்திருக்கும். போனில் பேட்டரி 23 சதவீதம். பவர் பேங்க் அலுவலக லாக்கரில். டார்ச் கிடையாது. காலில் வேலைக்குப் போட்டுப் போகும் தட்டையான செருப்பு. அந்தப் பெட்டிக்கு நிலச் சிரமம் மூன்றரை நட்சத்திரம். அதைப் பார்த்தேன், பார்த்தும் போனேன்.

அம்புக்குறி பாதையை விட்டு இடது பக்கம் திரும்பி 62 மீட்டர் என்று காட்டியது. அந்தப் பக்கம் ஒரு சிமெண்ட் லாங்காங் (மழைநீர் வடிகால்), அதில் கணுக்கால்கூட நனையாத அளவு தண்ணீர். அதைத் தாண்டினால் செங்குத்தாக ஒரு மேடு. தாண்டி ஏறினேன். 62 என்பது 41 ஆயிற்று, 18 ஆயிற்று, சட்டென்று 45 ஆயிற்று. திரும்பினால் 30. மேலே போனால் 12, ஒரு எட்டு வைத்தால் 38. அங்கேயும் இங்கேயுமாக நாற்பது நிமிஷம் சுற்றினேன். பிரம்புக் கொடியின் முள் கையை இழுத்துக் கீறியது, கொசு மொய்த்தது. 41 நாள், 41 நாள் என்று மட்டும்தான் மனசுக்குள் ஓடியது. சுற்றிலும் இருட்டிக்கொண்டு வந்ததை நான் கவனிக்கவே இல்லை. நூறடி தள்ளி ரோட்டில் பஸ் போகும் சத்தம் கேட்கிறது, அந்தத் தைரியத்தில் அதைக் காடென்று நினைக்கத் தோன்றவில்லை.

அம்புக்குறியைப் பற்றி எனக்குப் பிறகு புரிந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது நேர்கோட்டைத்தான் காட்டும். நடுவில் கால்வாய் இருக்கிறதா, வேலி இருக்கிறதா, சரிவா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. பெட்டியை வைத்தவர் வேறு பக்கத்திலிருந்து நல்ல பாதையில் வந்து வைத்திருப்பார். பெரும்பாலும் அந்த வழி விவரக் குறிப்பிலேயே எழுதியிருக்கும். அம்புக்குறி உங்களைப் பாதையை விட்டு இறங்கச் சொன்னால் இறங்காதீர்கள், பாதையிலேயே இன்னும் நூறு மீட்டர் நடந்து பாருங்கள், வழி தானாக வரும். புக்கிட் தீமா, மெக்ரிட்சி போன்ற இயற்கைக் காப்பகங்களுக்குள் பாதையை விட்டு விலகினால் 2,000 வெள்ளி வரை அபராதம் என்பதையும் மனசில் வையுங்கள். இன்னொன்று, திறந்தவெளியில் போன் ஜிபிஎஸ் ஐந்து மீட்டருக்குள் சரியாகக் காட்டும். அடர்ந்த மரத்தடியில், உயரமான கட்டடங்களுக்கு நடுவில் இருபது மீட்டர்கூடத் தவறும். பெட்டி வைத்தவரின் போனும் அதே மரத்தடியில்தான் அளந்தது, அவர் பிழையும் நம் பிழையோடு சேரும். எண் இப்படிக் குதிக்க ஆரம்பித்தால் அதைத் துரத்தாதீர்கள். ஒரு நிமிஷம் அசையாமல் நில்லுங்கள். பத்து மீட்டர் என்று வந்ததும் போனைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுங்கள். இயற்கையாக விழாத எதையாவது பாருங்கள்: ஒரே அளவில் வரிசையாக அடுக்கிய குச்சிகள், வேரடியில் தனியாக நிற்கும் ஒரு கல், கம்பியில் ஒட்டியிருக்கும் ஒரு அதிகப்படியான திருகு. பதினைந்து நிமிஷத்தில் கிடைக்கவில்லையா, அன்றைக்கு அவ்வளவுதான்.

ஏழு மணிக்கு மழை வந்தது. இங்கே மழை தூறித் தொடங்காது, வாளியைக் கவிழ்த்த மாதிரிக் கொட்டும். இடி தலைக்கு மேலேயே விழுவது போலிருந்தது. போன் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு, வந்த வழியே உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். முக்கால் மணி நேரம் முன்னால் கணுக்காலை நனைக்காத லாங்காங்கில் இப்போது காபி நிறத் தண்ணீர் முழங்கால் உயரத்துக்கு, பாய்ச்சலாக ஓடிக்கொண்டிருந்தது. நாலு எட்டில் தாண்டிவிடலாம் என்று கால் வைத்தேன். இரண்டாவது எட்டில் பாசியில் செருப்பு வழுக்கியது. போன் கையை விட்டுப் போனது. அதன் வெளிச்சம் தண்ணீருக்குள்ளேயே கொஞ்ச தூரம் எரிந்துகொண்டு போய் அணைந்ததைப் பார்த்தேன். நானும் பத்தடி போல் இழுபட்டு, கரை இடுக்கில் முளைத்திருந்த ஒரு வேரைப் பிடித்து நின்றேன். பாதத்தில் சுள்ளென்று ஒரு வலி. எப்படி ஏறினேன் என்று இன்றைக்கும் சரியாக நினைவில்லை. பாதையோரப் புல்லில் கிடந்தேன். பையன் சாப்பிட்டிருப்பானா என்று நினைத்ததும்தான் அழுகை வந்தது. செத்துப்போயிருந்தால், நான் எங்கே போனேன் என்று வீட்டில் யாருக்குமே தெரிந்திருக்காது. அந்தப் பயத்தை நான் எந்த வார்த்தையில் எழுதினாலும் போதாது.

2018இல் செக் நாட்டுத் தலைநகர் பிராகாவில் இதே விளையாட்டுக்காக மழைநீர்ச் சுரங்கத்துக்குள் போனவர்களைத் திடீர் வெள்ளம் அடித்துக்கொண்டு போய், உயிர் போயிருக்கிறது. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு படித்தேன். மழைக்காலத்தில் கால்வாய், சுரங்கம், பாலத்தடி எதற்குள்ளும் இறங்காதீர்கள். கிளம்புமுன் இங்கே வானிலை காட்டும் மையென்வ் (myENV) செயலியில் மழை மேகம் எங்கே நகர்கிறது என்று பார்க்க ஒரு நிமிஷம் போதும்.

ஏழே முக்கால் இருக்கும், தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு ஒரு மலாய்ப் பெரியவர் மழையிலும் ஓடிக்கொண்டு வந்தார். "அங்கிள், ஹெல்ப்!" என்று கத்தினேன். தோளைக் கொடுத்து ரோட்டு வரை கூட்டி வந்தார். தன் போனை நீட்டி, வீட்டுக்குக் கூப்பிடும்மா என்றார். அப்போதுதான் இன்னொரு அதிர்ச்சி. என் கணவர் நம்பர் எனக்குத் தெரியவில்லை. கும்பகோணத்தில் எங்கள் வீட்டுப் பழைய லேண்ட்லைன் நம்பர் நினைவில் இருக்கிறது, தினமும் பேசுகிற மனுஷன் நம்பர் இல்லை. நாள் முழுக்க வாயால் சொல்லிக்கொண்டே இருப்பதால் எங்கள் கிளினிக் நம்பர் மட்டும் வந்தது. நல்லவேளை, ராத்திரி ஷிஃப்ட்டில் ஆள் இருந்தார்கள், என் கோப்பில் இருந்த நம்பரைப் பார்த்து அவருக்குச் சொன்னார்கள். பெரியவர் ஆம்புலன்ஸுக்கு 995இல் பேசி, பக்கத்து விளக்குக் கம்பத்தில் எழுதியிருந்த எண்ணைச் சொன்னார். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் கம்பத்து எண் எதற்கென்று எனக்குத் தெரியாது. எங்கே இருக்கிறோம் என்று சொல்லத் தெரியாதபோது அந்த எண்ணைச் சொன்னால் போதும், இடம் தெரிந்துவிடும். நீங்கள் எங்கே தேடப் போனாலும் கடைசியாகப் பார்த்த கம்பத்தின் எண்ணை மனசில் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டாரின் இரண்டு நம்பரைத் தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பையில் வையுங்கள். எங்கே போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

ஆஸ்பத்திரிக்கு என் கணவர் வந்தார். திட்டவில்லை. "என்கிட்ட சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேனேம்மா" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அப்புறம் ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். போன் 1,080, அவசர சிகிச்சையும் எக்ஸ்ரேயும் பூட்ஸும் 312, எம்சியில் போன சாயங்கால ஷிஃப்ட் அலவன்ஸ் 240, சந்தாவும் வில்லைகளும் 98, டாக்சி 286. மொத்தம் 2,016 வெள்ளி. டிசம்பரில் ஊருக்குப் போக வைத்திருந்த டிக்கெட் காசு அது. இந்த வருஷம் அம்மாவைப் பார்க்கப் போகவில்லை.

பிறகுதான் ஒன்று தெரிந்தது. பழுது பார்த்த பழைய போனில் அந்தப் பெட்டியின் பக்கத்தைத் திறந்து, முதல் தடவையாக, போனவர்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். கடைசி நாலு பதிவும் டிஎன்எஃப், தேடியும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். அதில் முதலாவது செப்டம்பரில் போட்டது. நான் போவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே அங்கே பெட்டி இல்லை! துப்புப் பகுதியையும் திறந்தேன். ஒவ்வொரு எழுத்தையும் 13 இடம் தள்ளிப் போட்டு மறைத்திருப்பார்கள், ஒரு தட்டு தட்டினால் தெரிந்துவிடும். துப்பைப் பார்ப்பது திருட்டாட்டம் என்று நினைத்து நான் எப்போதுமே பார்த்ததில்லை. மேட்டில் ஏற வேண்டாம், பாதையோர மரக்கட்டையடியில் பாருங்கள் என்று ஒரே வரி. அதைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தேன்.

ஆகவே கிளம்புமுன் வீட்டிலேயே உட்கார்ந்து படியுங்கள். கடைசி ஐந்து பதிவுகள், விவரக் குறிப்பு, நட்சத்திரம், துப்பு என நாலையும். அடுத்தடுத்து இரண்டு மூன்று டிஎன்எஃப் இருந்தால் அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள். முதல் மாதம் இரண்டு வகையிலும் இரண்டு நட்சத்திரத்துக்கு மேல் போக வேண்டாம், அதுவும் பகலில், இன்னொருவரோடு. பையில் முழு சார்ஜோடு பவர் பேங்க், டார்ச், கொசு மருந்து, தண்ணீர், எழுதும் பேனா. விரல் நுனி அளவு பெட்டிகளில் பேனா இருக்காது, சுருட்டி வைத்த தாளை இழுக்கப் புருவம் திருத்தும் இடுக்கி நன்றாக உதவும். பொந்துக்குள் வெறும் கையை விடாதீர்கள், பூரானும் பாம்பும் இந்த ஊரில் உண்டு, குச்சியால் தட்டிவிட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் பை சரசரத்தால் குரங்கு வந்துவிடும், தோள் பைதான் சரி. பெட்டிக்குள் தின்பண்டம் வைக்கக் கூடாது.

ஒளிந்து ஒளிந்து தேடுவதும் வேண்டாம். ஒரு அடுக்குமாடி புளோக்கின் கீழே கம்பியடியில் குனிந்து நின்ற என்னை ஒரு சீன அம்மா கால் மணி நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, போலீசைக் கூப்பிடவா என்று கேட்டார். போனைக் காட்டி விளக்கியதும் அவரும் சேர்ந்து தேடினார். 2011இல் இங்கிலாந்தின் வெதர்பி என்ற ஊரில் ஒரு கஃபே வாசலில் இருந்த பெட்டியை வெடிகுண்டு என்று நினைத்து, தெருவையே காலி செய்து, வெடிகுண்டு அகற்றும் குழுவினர் வெடிக்க வைத்தார்கள். விளையாட்டில் இல்லாதவர்களை மகிள் என்பார்கள், அவர்கள் கண்ணில் படக்கூடாது என்று சொல்லிக் கொடுப்பார்கள். சந்தேகப்பட்டு யாராவது கேட்டால் ஒளிக்காமல் உண்மையைச் சொல்லுங்கள், ரகசியம் அப்புறம்.

டிஎன்எஃப் போடுவது அவமானம் என்று நினைத்து அதுவரை நான் ஒன்றுகூடப் போட்டதில்லை. போன வாரம்தான் அந்தப் பெட்டிக்குப் போட்டேன். எங்கே ஏறினேன், எங்கே விழுந்தேன், மழையில் லாங்காங் எப்படி நிறைகிறது என்று எல்லாவற்றையும் எழுதினேன். மறுநாளே பெட்டி வைத்தவர் பதில் போட்டிருந்தார். பெட்டியைப் பார்க்கப் போகாமல் விட்டது தன் தவறு என்று மன்னிப்புக் கேட்டார், அந்தப் பெட்டியைத் தேடுவதைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கிறார், மேட்டுப் பக்கம் போகாதீர்கள் என்று விவரக் குறிப்பின் முதல் வரியிலேயே சேர்த்திருக்கிறார். என் தொடர் நாள் கணக்கு இப்போது பூஜ்யம். பூட்ஸைக் கழற்றியதும் வரும் முதல் ஞாயிற்றுக்கிழமைக்குப் பையன் பொங்கோலில் ஒன்றரை நட்சத்திரப் பெட்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான். காலை எட்டு மணிக்குக் கிளம்பி பத்துக்கு வீடு, அப்பாவும் வருகிறார். அந்த நீலக் கோலிக்குண்டைத் திரும்ப வைக்கலாமா என்று கேட்டான், வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.